மாமனார் ஒயின்

பிரான்சு தேசத்தில், மாக்கோன் பட்டணத்துக்கு மேற்கே, குன்றுகள் ஒன்றையொன்று தோளுரசி நிற்கிற இடத்தில் சாம்ப்ரூ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் நல்ல ஒயின் செய்கிறவர்கள் பலர் உண்டு, சுமாரான ஒயின் செய்கிறவர்கள் சிலர் உண்டு, மோசமான ஒயின் செய்கிறவன் ஒரே ஒருத்தன்தான் உண்டு. அவன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து, லியோன் நகரத்தில் பேருந்து ஓட்டி, அந்தப் பேருந்தில் தினமும் ஏறிய ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் வழியாக வந்த திராட்சைத் தோட்டத்துக்கு உடையவனாகி, மரியசூசை என்கிற பெயர் ஊரார் வாயில் நுழையாததால் சூசே ஆகிப்போன நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோயில் மணி அடிக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டியிருப்பதுபோல மோசமான ஒயினுக்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. என் வீட்டில் மரியாதைக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஒயினை வாயில் வைக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். செம்புப் பாத்திரம் தேய்க்க என் ஒயினைக் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பாத்திரம் பளபளப்பாக வருகிறது என்று நன்றியோடு சொல்வார்கள்.

தோட்டம் என் மாமனார் கஸ்தோன் நட்டது. என் மனைவி ஒதீல் பிறந்த வருஷம் நட்டாராம், ஆகவே கொடிகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. கஸ்தோன் ஒயின் என்றால் அந்தக் குன்றுப்பக்கம் முழுக்கப் பேச்சு. நனைந்த கல்லும் பச்சை வால்நட்டும் கலந்த ஒரு வாசனை அதில் இருக்கும், அதை வேறு யாராலும் கொண்டுவர முடியவில்லை, பத்தடி தள்ளி அதே மண்ணில் அதே கறுப்புத் திராட்சையை வளர்த்தவர்களாலும் முடியவில்லை. அவர் இருந்தவரைக்கும் நான் அவருக்குப் பின்னால் கூடை தூக்கினேன். நான் கவாத்து செய்வதைப் பார்த்து, "உன் புருஷன் கொடியை வெட்டறானா, இல்ல அதுமேல ஏதாவது பழைய பகையா?" என்று மகளிடம் கேட்பார். அவர் இறந்தபின் அவருடைய ஒயின் கொஞ்ச நாள் நிலவறையில் இருந்தது. கடைசிப் புட்டியை முதலாண்டு நினைவு நாளில் ஊரோடு உட்கார்ந்து குடித்தோம். அதற்கப்புறம் நிலவறையில் இருந்ததெல்லாம் நான் செய்தது.

இந்த ஊரார் பேசுவதெல்லாம் பிரெஞ்சுதான், அதிலும் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற கிராமத்துப் பிரெஞ்சு. ஆனால் யார் என்ன பேசினாலும் என் காதுக்குள் அது முத்தியால்பேட்டைத் தமிழாகத்தான் போய் விழுகிறது, அதனால் எனக்குக் கேட்டபடியே எழுதுகிறேன்.

கவாத்து விஷயத்தில் கஸ்தோனுக்கு ஒரு சட்டம் இருந்தது. தேய்பிறையில்தான் கத்தரியை எடுக்க வேண்டும். குளிர்காலம் முடிகிற நேரத்தில் போன வருஷத்துக் கிளைகளை வெட்டிவிட்டால், மண்ணில் சூடு ஏறும்போது வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். கொடி அழுகிறது என்று இங்கே சொல்வார்கள், எல்லா ஊரிலும் எல்லாக் கொடியும் சில நாள் அழும், அப்புறம் துடைத்துக்கொண்டு மொட்டு விடும். தேய்பிறையில் வெட்டினால் அழுகை குறைவு, வளர்பிறையில் வெட்டினால் அதிகம் என்பது கஸ்தோன் கணக்கு. அந்தப் பக்கத்துக் கிழவர்கள் எல்லோருக்கும் அதே கணக்குதான்.

நான் வேறு மண்ணிலிருந்து வந்தவன். ஒரு வருஷம் குளிர்காலத்தில் முத்தியால்பேட்டையில் இருக்கிற என் அக்கா லூர்துமேரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒயின் ஏன் இப்படி வருகிறது என்று தெரியவில்லை அக்கா என்று புலம்பினேன். அவள் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து கேட்டாள். கவாத்தில் தொடங்குகிறோம், தேய்பிறை பார்த்துத் தொடங்குகிறோம் என்றேன்.

"தேய்பிறையிலயா? இன்னாடா தம்பி சொல்ற? தேய்பிறையில எவனாவது நல்ல காரியம் ஆரம்பிப்பானா? நம்ம வீட்ல கோயிலுக்குப் போற ஜனம்தான், அதுக்காக வளர்பிறை வேணாம்னு எந்தச் சாமியார் சொன்னாரு? அப்பா ஒரு ஆணி அடிக்கறதுன்னா கூட நாள் பாப்பாரு. உன் சரக்கு விளங்காம போனதுக்கு வேற காரணம் தேடாத."

எனக்குப் புத்தியில் விளக்கேற்றி வைத்தாற்போல இருந்தது. இத்தனை வருஷமாக என் கைமேல்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன், குற்றம் நிலாவின் மேல் என்று தெரிந்ததும் பெரிய பாரம் இறங்கியது. தன் மேல் இருந்த பழியைத் தூக்கி வானத்தில் வைக்கிற சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அந்த வருஷம் வளர்பிறை நாட்களில் மட்டும் வெட்டினேன். தேய்பிறை வந்ததும் கத்தரியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, ஊர் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிற்கையில் நான் மட்டும் கை வீசிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். பக்கத்துத் தோட்டக்காரரும் விவசாயிகள் சங்கத் தலைவருமான ரெமோன் வேலியருகில் நின்று பார்த்தார். "கஸ்தோன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். இந்த ஊரில் என்னிடம் பேசுகிற எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், முடிக்கிற வழக்கமில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, தெற்குக் காற்று வீசி மண் கொஞ்சம் இளகின நாளில், முதல் வரிசையில் கொடி அழத் தொடங்கியது. வெட்டுவாயில் ஒரு சொட்டு நின்றது. சிவப்பாக இருந்தது. கையை அறுத்துக்கொண்டேன் போல என்று விரலைப் பார்த்தேன், விரல் நன்றாக இருந்தது. பக்கத்துக் கொடியிலும் சிவப்பு, அதற்குப் பக்கத்திலும் சிவப்பு, குன்றின் சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டிக் கிடந்த மொட்டைக் கொடிகள் எல்லாம் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டை விரலில் எடுத்து நக்கினேன். ஒயின். பழம் பறித்து, மிதித்து, புளிக்கவைத்து, பீப்பாயில் ஊற்றி, வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தால் கிடைக்க வேண்டிய முதிர்ந்த ஒயின், நான் செய்ய வேண்டிய அத்தனை வேலையையும் தாண்டிக் குதித்துக் கிளை நுனிக்கு வந்து நின்றது. நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பேருந்தே ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

முதலில் ரெமோனைத்தான் கூப்பிட்டேன். அவர் வந்தார், தொப்பியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார், உள்ளங்கையைக் குழித்துச் சொட்டுகளைப் பிடித்தார், முகர்ந்தார், வாயில் வைத்து உருட்டினார். துப்பவில்லை. என் தோட்டத்தில் எதையும் அவர் துப்பாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் ரெண்டு வருஷம் கிடந்திருந்தா இன்னும் நல்லா இருக்கும்," என்றார். "அவசரப்பட்டுட்ட."

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் முழங்காலில் விழவில்லை. ரொட்டிக்கடைக்காரர் ஜாம் ஜாடிகளைக் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார், அவரைப் பார்த்துத் தபால்காரர் ஒரு வாளி கொண்டுவந்தார், வாளியைப் பார்த்து ஊர் சிரித்ததால் அவரும் போய் ஜாடி எடுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் என் கம்பிகளில் எல்லா அளவிலும் ஜாடிகள் தொங்கின, காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. ஒரு வாரத்தில் ஒழுங்குமுறையும் வந்துவிட்டது: அவரவருக்கு ஒரு வரிசை, அடுத்தவர் ஜாடியில் கை வைக்கக் கூடாது, மாட்டுவதற்கு முன்னால் வெட்டுவாயைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபிறகுதான் எடுக்க வேண்டும். இந்த விதிகளை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை. கொடியடியில் சிந்தினதைக் குடித்த முயல்கள் பகலிலேயே பாதையில் மல்லாந்து கிடந்ததால், காரை மெதுவாக ஓட்டச் சொல்லி மேயரம்மா ஒரு பலகை வைத்தாள். அற்புதம் பற்றி அவள் பேசிய ஒரே விஷயம், தோட்டத்துக்கு வருகிற வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சட்டப்படி ஒயின் என்பது திராட்சைப் பழத்தைப் புளிக்கவைத்து வருவது. இது பழத்திலிருந்து வரவில்லை, புளிக்கவும் வைக்கவில்லை, ஆகையால் இது ஒயின் அல்ல, கொடியிலிருந்து வடிகிற ஈரம் என்று ஏகமனதாக முடிவானது. ஈரத்தை விற்க முடியாது, ஈரத்துக்கு முத்திரை ஒட்ட முடியாது, குடிப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. எல்லோருக்கும் பரம திருப்தி. ஆறு ஊருக்குப் பொதுவாக வந்துபோகிற பங்குச் சாமியார் கொஃபி, தோகோ நாட்டுக்காரர், இது பூசைக்கு ஆகுமா என்று மறைமாவட்டத்தைக் கேட்பதற்கு முன்னால் தாமே ஆராய்வது முறை என்று ஒரு குடுவை எடுத்துக்கொண்டு போனார், அடுத்த வாரம் ஆராய்ச்சி முடியவில்லை என்று இன்னொரு குடுவைக்கு வந்தார். முத்தியால்பேட்டை அக்காவுக்கும் போனில் சொன்னேன். "நாள் பாத்து ஆரம்பிச்ச இல்ல, அதான்," என்றாள். அதற்குமேல் அவளுக்கு அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை, அடுத்த தெருக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கொடி சிவப்பாக அழத் தொடங்கிய அந்த முதல் நாள் சாயங்காலம் ஒதீல் வேலை முடிந்து வந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஊசி போட்டு, புண் கழுவி, கட்டு மாற்றுகிற நர்ஸ் அவள். காரிலிருந்து இறங்கி, கோட்டுகூடக் கழற்றாமல், நான் நீட்டிய கிளாஸை வாங்கிக் குடித்தாள். அவள் பாராட்டப் போகிறாள் என்று நான் கொஞ்சம் மார்பை நிமிர்த்தி வைத்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"அப்பா," என்றாள்.

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். காலையில் பதற்றத்தில் எனக்குப் பிடிபடாமல் போயிருந்தது. நனைந்த கல், பச்சை வால்நட். அவள் கண் கலங்கிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் என்னைக் கூடை தூக்க வைத்த மனிதர் மண்ணுக்குள் போனபிறகும் என் தோட்டத்தில் என்னைவிட நல்ல ஒயின் செய்கிறாரே என்கிற எரிச்சல் அது. மறுநாளே ஊருக்கும் ருசி பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து யாரும் அதைக் கொடி ஒயின் என்றோ சூசே ஒயின் என்றோ சொல்லவில்லை. "உன் மாமனார் ஒயின் இந்த வாரம் போன வாரத்தைவிட ஜோர்," என்று தெருவில் என்னை நிறுத்திச் சொல்வார்கள். "அவருக்குச் சொல்லு" என்று ஒருத்தர் சொன்னார். சொல்கிறேன் என்றேன், வேறென்ன சொல்ல.

இப்படியாக மார்ச் போனது, ஏப்ரல் வந்தது, கொடிகள் அழுகையை நிறுத்தவில்லை. சில நாள் அழ வேண்டியவை மாதக்கணக்கில் அழுதன. ஊர்த் தோட்டங்களில் எல்லாம் மொட்டு வீங்கி, பஞ்சு தள்ளி, பஞ்சுக்குள்ளிருந்து நகக்கண் அளவு பச்சை எட்டிப் பார்த்தது, அந்தப் பச்சை இலையானது, குன்று முழுக்கப் பச்சைத் துணி காயப்போட்டதுபோல ஆனது, நடுவில் என் தோட்டம் மட்டும் கறுத்துக் கட்டையாக நின்று சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்தது. என் கத்தரி பிடிக்கிற விதம், என் மண்வெட்டி பிடிக்கிற விதம், என் தொப்பி, என் பீப்பாய், எல்லாவற்றுக்கும் புத்தி சொன்ன ஊர் இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஜாடியை மாட்டிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் போனது.

கடைசியில் ரெமோன்தான் வந்தார், கையில் ஜாடி இல்லாமல். ஒரு கொடியின் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை இருந்தது, நூல் அளவுக்கு இருந்தது.

"இலைக்கு வேண்டியதை எல்லாம் இது அழுதே தீத்துக்கிட்டு இருக்கு," என்றார். "இன்னும் ஒரு மாசம் போனா தோட்டம் முழுக்க விறகு. வர்ற தேய்பிறையில எல்லாத்தையும் ஒரு விரக்கடை கீழ திரும்ப வெட்டி, வெட்டின சூட்டுலயே ஒட்டு மெழுகு வெச்சு அடைச்சா பிழைக்கும். அடைச்சுட்டா இந்த ஒயின் அவ்வளவுதான். திரும்ப வராது."

"நான் என்ன செய்யறது?"

"இதுக்கு நான் புத்தி சொல்ல மாட்டேன்," என்றார் ரெமோன். "என் வரிசையில ரெண்டு ஜாடி தொங்குது. நான் நியாயமா பேசற ஆள் இல்ல இப்ப."

அன்று சாயங்காலம் ஒதீல் வழக்கம்போல முதல் வரிசையின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் அவள் அப்படித்தான் உட்காருவாள், ஒரு கிளாஸ், அதற்குமேல் இல்லை, ஆனால் அந்த ஒரு கிளாஸைச் சூரியன் இறங்குகிற வரைக்கும் குடிப்பாள். வேலையிலிருந்து அவள் கொண்டுவருகிற களைப்பு அந்த நேரத்தில் முகத்தைவிட்டுப் போய்விடும். எங்கள் கல்யாணத்துக்குப்பின் அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை, அதைக் கலைக்கப் போகிறவன் நான்தான் என்று நினைத்தபோது கால் பின்னுக்கு இழுத்தது.

"மொட்டு வரல," என்றேன்.

"தெரியும்."

"ரெமோன் என்ன சொல்றாருன்னா..."

"அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா சூசை? இந்தக் கொடிங்க கூடவே வளந்தவ நான். மூணு வாரமா தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா போன அன்னைக்கு நான் பக்கத்து ஊர்ல ஒருத்தருக்குக் கால் கட்டு மாத்திக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கத்துல எத்தனை பேருக்கு கடைசி மூச்சுல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவருக்கு மட்டும் இல்ல. வந்து பாத்தப்போ நாற்காலியில ஆறிப்போய் இருந்தாரு. இப்ப இதைக் குடிக்கிற நேரம் மட்டும் நான் லேட்டா வரலன்னு இருக்கு. அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்னு இருக்கு. இதை எப்படி நானே நிறுத்தச் சொல்லுவேன்?"

அந்த நேரத்தில் ஒரு பெருந்தன்மையான வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்: "உன் தோட்டம், உன் அப்பா. நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செய்யறேன்."

ஒதீல் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பஸ் ஓட்டினப்போ எந்த ஸ்டாப்ல நிறுத்தணும்னு எங்களைக் கேட்டா நிறுத்தின?"

நான் கம்பியில் தொங்கிய ஒரு ஜாடியை நேராக்கினேன்.

"முடிவைத் தூக்கி என் மடியில வைக்காத. இங்க விவசாயி நீ. எதை வெட்டணும், எதை விடணும்னு பாக்கறதுதான் அந்த வேலை, மத்ததெல்லாம் கூலிக்கு ஆள் வெச்சாலும் நடக்கும். என்ன செய்யணுமோ செய். அடைச்சேன்னா நான் உன்மேல கோபப்படுவேன், ரொம்ப நாள் கோபப்படுவேன். அதையும் சேத்துத் தாங்கிக்க."

நான் வீட்டைச் சுற்றி நடந்தேன், நிலவறைக்குள் போய் என் பீப்பாய்களின் நடுவில் நின்றேன். அடைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஊர் என்னைத் தேடி வரும், அவள் முகம் லேசாக இருக்கும், மாமனார் அவள் பக்கத்தில் இருப்பார், அதற்கப்புறம் குன்றில் எதுவும் இருக்காது. அடைத்தால் கொடி இருக்கும், என் கையால் செய்கிற ஒயின் இருக்கும், அவளுடைய கோபம் இருக்கும். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றி நான் செய்யப்போவது செம்பு தேய்க்கிற ஒயின்தானே என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. ஆனாலும் அவளோடு ஒரே வருஷத்தில் பிறந்தவற்றை விறகாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது, தேய்பிறை பிறந்ததும் தோட்டத்தை அடைக்கப் போகிறேன் என்று சொன்னேன். மேயரம்மா, நல்லா யோசிச்சியா என்று கேட்டாள். கொஃபி சாமியார் தம் ஆராய்ச்சி பாதியில் நிற்கப் போவதை நினைத்து வானத்தைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர்தான் மனத்தில் இருந்ததைக் கேட்டார்.

"அப்ப இனிமே உன் வீட்டுக்கு வந்தா உன் ஒயினைத்தான் குடிக்கணுமா?"

"ஆமா," என்றேன்.

"இதெல்லாம் ஆண்டவனுக்கு அடுக்குமா?" என்றார் அவர் சாமியாரைப் பார்த்து.

தேய்பிறை தொடங்கிய காலையில் ஸ்டவ்வில் மெழுகை உருக்கிக்கொண்டு தனியாகத்தான் போனேன். ஒரு விரற்கடை கீழே வெட்டினேன், ஒயின் குபுக்கென்று வந்தது, துடைத்தேன், சூடான மெழுகைப் பூசினேன், கையையும் சுட்டுக்கொண்டேன். முதல் வரிசை முடிவதற்குள் ரெமோன் தம் வீட்டு மெழுகுச் சட்டியோடு வந்து நின்றார். "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அடிக்கறியே, இந்தா இப்படி," என்று தூரிகையைப் பிடுங்கினார். அவர் பழையபடி என்னைத் திட்டத் தொடங்கியதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மத்தியானம் மற்றவர்களும் வந்தார்கள். அவரவர் வரிசையில் கடைசி ஜாடி நிறைகிறவரைக்கும் பொறுமையாக நின்று, நிறைந்ததும் ஜாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தங்கள் கையாலேயே வெட்டி, தங்கள் கையாலேயே மெழுகு வைத்து, கம்பியில் கயிறுகூட மிச்சமில்லாமல் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, யாரும் திட்டவும் இல்லை. மறுநாள் தபால்காரர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பற்றி என்னிடம் பேசிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு கொடியை மட்டும் அடைக்காமல் விட்டேன். முதல் வரிசையில், ஒதீல் முக்காலி போடுகிற இடத்தில் இருந்த கொடி அது. அதை அவள் பார்த்தாள். என்னோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். சோறு போட்டாள், துணி மடித்தாள், பேசவில்லை. தினமும் சாயங்காலம் அந்த ஒற்றைக் கொடியின் கீழே கிளாஸை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். மற்றக் கொடிகள் எல்லாம் நேரங்கெட்ட நேரத்தில் கண்ட கண்ட கணுவில் தளிர்விட்டுத் தாறுமாறாகப் பச்சை பிடித்தபோதும் அது ஒன்று மட்டும் மொட்டையாக நின்று அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வாரமும் கிளாஸ் நிறைய இன்னும் அதிக நேரமானது. ஜூன் மாதக் கடைசியில், அருளப்பர் திருநாளன்று, கிளாஸ் அடியில் ஒரு வாய் அளவுக்குத்தான் இருந்தது. அதைக் குடித்துவிட்டு அவள் எழுந்து போய் மண்வெட்டி எடுத்து வந்தாள்.

நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கையால் காட்டினாள். அவளே தோண்டி, வேரோடு பிடுங்கி, வெயிலில் உலர்த்தினாள். கொஞ்ச நாள் கழித்து முற்றத்தில் அதை அடுக்கித் தீ மூட்டினாள். திராட்சைக் கட்டையின் தணலில் இறைச்சி வாட்டினால் அதற்கு ஈடான ருசி வேறில்லை என்பது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தணல் சிவந்ததும் உள்ளே போய்ப் பன்றித் தொத்திறைச்சி கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். அது வேகிறபோது அழுதாள், சத்தம் போட்டு அழுதாள், அழுதுகொண்டே இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அவர் இருந்திருந்தா உப்பு பத்தலன்னு சொல்லியிருப்பாரு," என்றாள். அந்த வருஷம் அவள் என்னிடம் திரும்பப் பேசின முதல் வார்த்தை அது.

"பத்தலதான்," என்றேன். உள்ளே போய் உப்பு எடுத்து வந்தேன்.

செப்டம்பரில் பழம் கொஞ்சமாகத்தான் வந்தது. சிறுத்த குலை, தடித்த தோல். பறித்தேன், மிதித்தேன், புளிக்கவைத்தேன், என்னென்ன தப்பு செய்வேனோ அத்தனையும் செய்தேன். நவம்பரில் புது ஒயினைத் திறக்கிற நாளில் ஊர் வழக்கப்படி எல்லோரும் வந்தார்கள், வராமல் இருந்துவிடுவார்களோ என்று நான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெமோன் வாயில் உருட்டித் துப்பினார், உருட்டின நேரம் போன வருஷத்தைவிடக் குறைவு. மேயரம்மா கிளாஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனதாகச் சொன்னாள். பூசைக்கு இது தாராளமாக ஆகும் என்றார் கொஃபி சாமியார், ஒரு வாய்க்கே பாவங்கள் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகின்றனவாம். ரொட்டிக்கடைக்காரர் செம்புச் சட்டிக்கு ஒரு புட்டி எடுத்துக்கொண்டார். சிரித்துப் பேசிவிட்டு, தோளில் தட்டிவிட்டு, நிம்மதியோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ஒதீல் அன்றைக்குக் கடைசி வீட்டு ஊசியும் போட்டுவிட்டு வந்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"இதுல அப்பா இல்ல," என்றாள்.

"இல்ல."

"ஒரு சொட்டு கூட இல்ல."

"இல்ல ஒதீல்."

"பஸ் ஓட்டற எவனோ செஞ்ச மாதிரி இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், திரும்பவும் சுளித்தாள், அப்படிச் சுளித்துக்கொண்டே அடிவரைக்கும் குடித்து முடித்தாள். பிறகு வெறும் கிளாஸை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஊத்து," என்றாள்.